மூலை திரும்பும் கால்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கால்கள் மட்டும் அதை நம்பவில்லை. காலையில் காபி ஆறும்வரை ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பேன். பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, எழுதுவதற்கு உட்கார வேண்டுமே என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை. இதையும் பாதி நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாத அழுத்தத்தைக் காட்டும் கருவி இப்போது உங்களிடம் இருக்கிறது. பாய் மாதிரி விரித்து நோயாளியை நடக்கவிட்டால் எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே திரையில் சிவப்பாகத் தெரிகிறது. எங்கள் காலத்தில் மை தடவிய ஒரு ரப்பர் ஷீட்டும் வெள்ளைத்தாளும்தான். தாளில் எங்கே கறுப்பு அதிகமோ அங்கே கவனம் வை என்பார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் நம் அறைக்குள்தான் செய்கின்றன என்பது எனக்குப் புரிய நெடுங்காலம் ஆயிற்று.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். முன்கோபி. நோயாளி கதவைத் தாண்டி உள்ளே வந்தபிறகு நான் அவர் நடையைக் கவனித்தால் திட்டுவார். “இப்ப நடக்கிறது உனக்காக நடக்கிற நடை. கேட்டுலேர்ந்து வந்தானே, அப்ப நீ எங்க போயிருந்தே?” என்று கேட்பார். அதனால் ஜன்னலோரமே கதி என்று நின்றேன். இன்றைக்கும் அரக்கோணம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் எதிரே வருகிறவர்களின் முகம் எனக்கு நினைவிருப்பதில்லை. யார் குதிகாலை வீசி வைக்கிறார், யார் ஓரத்தில் தேய்க்கிறார் என்பது மட்டும் மனதில் நிற்கும். தெரிந்தவர்களைக் கண்டுகொள்ளாமல் போகிறேன் என்று எனக்குக் கெட்ட பெயரும் உண்டு.

இன்னொரு விஷயம் ஆடிக் கிருத்திகை முகாமில் கற்றது. வெறுங்காலோடு மலையேறி வருகிறவர்களுக்குக் கீழே கட்டுப்போட உட்காருவோம். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர் இரண்டு முன்பாதமும் கொப்புளமாக வந்தார். காவடியோடு ஏறியபோது ஒன்றும் ஆகவில்லையாம், காவடியைச் செலுத்திவிட்டு வெறுங்கையோடு இறங்கும்போதுதான் ஆயிற்றாம். ஏறும்போது முருகன் தாங்கினார், இறங்கும்போது விட்டுவிட்டார் என்று அவர் கணக்கு. பஸ்ஸைப் பிடிக்க இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கியதை அவரே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். நான் முருகனோடு வாதாடப் போகவில்லை. ஆனால் பாரம் மட்டும் பாதத்தைக் கெடுப்பதில்லை, அது எப்படி வந்து இறங்குகிறது என்பதுதான் கெடுக்கிறது என்று அன்றைக்கு மனதில் பட்டது. இவ்வளவு தெரிந்தும் முனிரத்தினத்தின் காலில் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

முனிரத்தினம் பள்ளிப்பட்டு போகிற வழியில் உள்ள ஓர் ஊர்க்காரர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், இரண்டு பசு. ஐம்பதைத் தாண்டியவர். சுகர் வந்து பல வருஷமாகி இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தன. முள் ஏறினால் மனைவி சரோஜா பார்த்துச் சொன்னால்தான் உண்டு. வலது பாதத்தில், கட்டை விரல் தொடங்கும் இடத்துக்கு நேர் அடியில், நாணய அகலத்துக்கு ஒரு புண்ணோடு முதலில் வந்தார். மாவுக்கட்டு போட்டோம், ஆறியது. மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு செய்து கொடுத்தோம். சில மாதம் கழித்து அதே இடத்தில் புண். மறுபடி கட்டு, மறுபடி ஆறியது, மறுபடி புண்.

செருப்பைப் போடாமல் ஊர் சுற்றுகிறார் என்று எங்கள் பிரிவில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் கடுமையாகவே கேட்டேன். “கட்டில்லேர்ந்து காலை கீழ வெக்கறதே செருப்புலதாங்க. கொல்லைக்குப் போனாக்கூட செருப்புதான்” என்றார். சரோஜாவும் அதையே சொன்னாள். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கால் பதிந்த இடம் ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. நன்றாகப் போட்டு நடந்த செருப்புதான் அது. தாளில் நடக்கவைத்தும் பார்த்தேன். அந்த இடம் கொஞ்சம் கறுத்தது, ஆனால் அப்படிப் புண்ணாகிற அளவுக்கு இல்லை. மூட்டை தூக்குகிறீர்களா, கரும்புக் கட்டு சுமக்கிறீர்களா என்று கேட்டேன். பாரம் எதையும் தொடுவதே இல்லை, எல்லாவற்றுக்கும் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறேன் என்றார். முகத்தில் ஒரு சின்னத் தயக்கம்கூட இல்லை.

எனக்கு அது பெரிய எரிச்சல். ரயிலில் போகும்போது டிக்கெட்டின் பின்னால் அவர் பாதத்தைப் படம் போட்டுப் பார்ப்பேன். அந்த ஓரிடம் மட்டும் ஏன்? நேராக நடக்கிறவனுக்கு அங்கே அப்படிக் கிழியாது. எங்கேயோ காலை ஊன்றித் திருகுகிறார். எங்கே? கிணற்று மேட்டிலா, பால் கறக்கும்போதா? ஒவ்வொன்றாகக் கேட்டு அவரையும் சலிக்கவைத்தேன். எங்கள் சர்ஜனோ தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை வந்து அது எலும்பைத் தொட்டால் கட்டை விரலோடு பாதத்தின் முன்பக்கத்தில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மிச்சப் பாதம் உடம்பைத் தாங்காது. முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டி வரும். முனிரத்தினம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சரோஜா வெளியே போய் அழுதாள்.

கட்டு பிரித்துப் புண் மூடியிருந்த நேரத்தில் ஊர் அம்மன் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டார். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. மூடிய புண்ணோடு அவர் ஊரில் நடந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் நான் போனேன், பக்தி ஒன்றும் பெரிதாக இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னை சரோஜா வீட்டுக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தாள். அவர் எங்கே என்றதற்கு அம்மாகூட இருக்காரு என்றாள். ஏதோ கோயில் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மேளம் நெருங்கியதும் வீதிக்கு வந்தோம். அந்த ஊரில் அம்மன் மர வாகனத்தில் வருகிறாள். வாகனத்துக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு மரக் கொம்புகள். கொம்புக்கு அடியில் தோள் கொடுத்து ஊர் ஆண்கள். வலது கொம்பின் முன்னுனியில், இடுப்பில் வரிந்து கட்டிய மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக முனிரத்தினம்.

பாரம் தூக்குவதில்லை என்றீர்களே என்று சரோஜாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவள் பயந்துபோய் என் வாயைப் பொத்தாத குறைதான்.

“அப்டி சொல்லக்கூடாதுங்க மேடம். அது பாரமா? அம்மா தானா வராங்க. இவங்க தோளு குடுத்துகினு கூட நடக்கறாங்க, அவ்ளோதான்.”

அவர் என்னிடம் பொய் சொல்லவே இல்லை. அந்த ஊரில் அம்மனைப் பாரம் என்று நினைப்பதே பாவம். தூக்குகிறோம் என்ற வார்த்தையைக்கூட யாரும் சொல்வதில்லை. தோள் கொடுப்பது என்பார்கள். ஆடி, தை, பங்குனி என்று வருஷத்தில் சில தடவை அம்மன் வெளியே வருவாள், ஒவ்வொரு தடவைக்கும் பிறகு புண் திறந்திருக்கிறது. நான் கேட்ட கேள்வியில் அம்மன் அடங்கவில்லை. அவர் பதிலில் எப்படி அடங்குவாள்?

வாகனம் மூலைக்கு வந்தது. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அம்மன் வலமாகத்தான் போவாள், எல்லா மூலையிலும் வலது பக்கமே திரும்ப வேண்டும். திரும்பும்போது மேளம் வேகமெடுக்கும், அம்மனை ஆட்டுவார்கள். இடது கொம்புக்காரர்கள் வெளிப்பக்கமாக ஓடி வளைகிறார்கள். உள்பக்கம், முன்னுனியில் நிற்கிறவன் மட்டும் நகர்வதில்லை. மொத்த வாகனமும் அவனை அச்சாக வைத்துத்தான் சுற்றுகிறது. முனிரத்தினம் வலது முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, உரலில் குழவியைத் திருகுவதுபோல அந்த ஒரே இடத்தில் திருகினார். மேலே அவ்வளவு கனம். அடியில் வெயிலில் காய்ந்த சிமென்ட் ரோடு. எத்தனையோ நாளாக நான் தேடிய திருகல் அதுதான்.

வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீரை அவர்கள் காலில் ஊற்றினார்கள். ரோடு நனைந்து, குங்குமம் சிதறி, எங்கே பார்த்தாலும் சிவப்பு. அவர்கள் மூலையைத் தாண்டி நேரே நடந்தபோது ஈரத்தில் காலடிகள் விழுந்தன. முனிரத்தினத்தின் வலது காலடி ஒவ்வொன்றிலும், கட்டை விரலுக்குக் கீழே, ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. குங்குமம் அப்படி ஒழுங்காக விழாது. புண் திறந்துகொண்டுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை, மேலே பார்த்துக்கொண்டு சிரித்த முகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்குச் சொல்ல வந்ததே இதைத்தான். புத்தகப்படி நான் கத்தியிருக்க வேண்டும். ரத்தம் வருகிறது, ஆளை வெளியே எடுங்கள் என்று கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வீதியில் ரத்தம் பட்டால் தீட்டு. ஊர்வலம் நிற்கும், பரிகாரம் என்பார்கள், பழி அவர் தலையில் விழும். அப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார். வராதவன் காலை யார் காப்பாற்றுவது? பேசாமல் இருந்தாலோ, கோயில் போய்ச் சேர இன்னும் இரண்டு மூலை பாக்கி. கூட்டத்தோடு நானும் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டின் முன் ஆரத்திக்காக நிறுத்தினார்கள். கொம்புகளுக்கு அடியில் கவைக்கட்டை கொடுத்துத் தாங்கினார்கள். பெண்கள் தண்ணீரோடு போய் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். சரோஜாவின் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு நானும் போய் முனிரத்தினத்தின் காலடியில் குனிந்தேன். என்னைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். தோல் கிழிந்து புண் வாயைத் திறந்திருந்தது. இன்னும் ஆழமாகவில்லை.

நான் மெதுவாகச் சொன்னேன், திறந்துவிட்டது, வெளியே வந்துவிடுங்கள் என்று. அவர் முகம் வெளுத்தது. கால் போய்விடும் என்றேன். அதற்கும் அவர் அசையவில்லை. குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“நான் நவுந்தா என் எடம் பூடும் மேடம். ஊர்வலத்துல வேற தோளு உள்ள வந்துட்டா அப்பறம் அந்த எடம் அந்தத் தோளுக்குத்தான். எனக்குப் பையன் இல்ல. எங்க வம்சத்துல வேற ஆளும் இல்ல. பாவா பின்னாலயே நின்னுகினு கீறாரு. அவங்க நைனா காலத்துலேர்ந்து இந்த முன்கொம்பு மேல அவங்களுக்குக் கண்ணு.”

பாவா என்று அவர் சொன்னது அவருடைய அக்கா புருஷன் சீனுவை. அதே வலது கொம்பில், அவருக்கு அடுத்துத் தோள் கொடுத்துக்கொண்டு நின்றவர். கைநீட்டினால் தொடும் தூரம். அவர் காதில் விழாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது சீனு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், தாடை மட்டும் இறுகியிருந்தது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

இழுத்து வெளியே எடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் மிச்ச தூரத்தில் காலுக்கு எவ்வளவு குறைக்கலாம்? கனத்தைக் குறைக்க என்னால் முடியாது. திருகலைக் குறைக்கலாம். என் பையில் பஞ்சும் காஸ் துணியும் இருந்தன. புண்ணின் மேல் மெத்தையாக வைத்தால் அழுத்தம் அங்கேயேதான் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர்க்குடத்துக்குச் சும்மாடு சுற்றுவதுபோல வளையமாகச் சுருட்டிப் புண்ணைச் சுற்றி வைத்தேன். அம்மனுக்குச் சாத்த வந்த மஞ்சள் துணி ஒன்றை சரோஜா கொடுத்தாள், அதை மேலே இறுக்கிக் கட்டினேன். செருப்புதான் கூடாது, துணி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரோ வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள் சரோஜா.

பிறகு சீனுவிடம் போனேன். மூலையில் ஒரே இடத்தில் நின்று திருப்பாமல் அகலமாக வளைந்து போகச் சொல்ல முடியுமா, உள்பக்கம் நிற்கிறவரும் நடந்தே திரும்பும்படி, என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்னைத் தாண்டி, முனிரத்தினத்தின் காலில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். கவைக்கட்டையை எடுத்தார்கள், மேளம் தொடங்கியது. அடுத்த மூலை நெருங்கும்வரை என் மனசு என்னிடம் இல்லை.

மூலைக்கு ரொம்ப முன்னாலேயே சீனுவின் குரல் கேட்டது. “அகலமா வாங்கடா. அவசரம் இன்னா? மூலை வீட்டுக்காரங்களும் அம்மாவைப் பார்க்கட்டும்.” மேளக்காரர்களையும் மெதுவாக வாசிக்கச் சொன்னார். வாகனம் வீதியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வளைந்தது. முனிரத்தினம் சின்னச் சின்ன அடியாக நடந்தே திரும்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அங்கேயே ஒரு வீட்டுப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் அவராகவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். எலும்பைத் தொடவில்லை. மாவுக்கட்டு போட்டோம். சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்த்துக்கொண்டே நடக்கவிட்டீர்களா என்று கேட்டார். அவர் கோபம் நியாயமானது. நீங்களும் என்னிடம் அதையே கேட்கலாம். எனக்கு அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

புண் ஆறியபிறகு இனி தோள் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். முனிரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் என் அறையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“எம்மேல அம்மா, முன்னால கூட்டம். என் காலு எனக்குச் சொல்றதில்ல. நீங்க வந்து கீழ பார்த்துகினு வாங்க மேடம். ஆபத்துன்னா கையைத் தூக்குங்க.”

தூக்கினால் வெளியே வந்துவிடுவீர்களா என்று கேட்டேன். மற்றச் செருப்பையும் மாட்டி முடித்தார். அப்புறம் “ஆங்” என்றார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. வருகிறவராக இருந்தால் அன்றைக்கே வந்திருப்பாரே. ஆனாலும் போனேன். ஒவ்வொரு தடவை அம்மன் வெளியே வரும்போதும் உள்பக்கமாக, கொம்புக்கு இணையாக, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். எனக்கு ஏதோ வேண்டுதல் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். மூலையை அகலமாகத் திருப்புவது அந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. அதற்கு அவர்களாக ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சும்மாடும் மஞ்சள் துணியும் முன்கூட்டியே கட்டிவிடுவேன். வருஷங்கள் போயின, புண் வரவில்லை. முனிரத்தினமும் சீனுவும் மட்டும் அன்றைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்று சரோஜா வருத்தப்படுவாள். சொன்ன வார்த்தை அப்படி.

போன ஆடியில் நான் ஓய்வு பெற்றிருந்தேன். அப்படியும் போனேன். மழை பெய்து ரோட்டில் ஜல்லி பெயர்ந்திருந்தது. மூலை திரும்பி வந்த பிறகு துணி விலகியிருந்ததைக் கவனித்தேன். அடுத்த ஈரக் காலடியில் சிவப்பு. குங்குமமாக இருக்குமோ? இன்னொரு காலடிக்குக் காத்திருந்தேன். அதிலும் அதே இடம். கையைத் தூக்கினால் ஒரு மனிதனின் வம்சத்து இடம் போகிறது, அதுவும் அவர் பயந்த ஆளிடமே. தூக்காவிட்டால் கால். நான் கையைத் தூக்கினேன்.

முனிரத்தினம் பார்த்துவிட்டார். திரும்பிப் பின்னால் சீனுவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொம்புக்கு அடியிலிருந்து தோளை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வாகனம் அந்தப் பக்கம் இறங்கியது. கூட்டத்தில் ஐயோ என்று ஒரு சத்தம். சீனு பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை ஊன்றித் தாங்கினார், கொம்பு நிமிர்ந்தது. ஓர் அடி முன்னால் வைத்தால் போதும், அவர் தோள் அந்த இடத்துக்கு வந்துவிடும். பின்னாலிருந்து யாரோ முன்னால போ, முன்னால போ என்று கத்தினார்கள். இன்னொருவன் வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தான். சீனு கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

“அது அவன் எடம். காலியாவே வரட்டும்.”

முன்னுனியில் ஆள் இல்லாமலே அம்மன் கோயில்வரை போனாள். இரண்டு ஆள் பங்கையும் சீனு ஒரு தோளில் வாங்கிக்கொண்டு போனார். முனிரத்தினத்தை ஒரு வீட்டு வாசலில் உட்காரவைத்து நான் காலைக் கழுவினேன். சின்னக் கிழிசல்தான். அவர் காலைப் பார்க்கவே இல்லை. போய்க்கொண்டிருந்த கொம்பையே பார்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் வந்திருந்தேன். உங்களில் ஒருத்தி அழகாக மாவுக்கட்டு போட்டாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கட்டு காய்வதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி சீனு வந்தார். பக்கத்துக் கட்டிலில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். நல்ல கால், சுகர் கிடையாது, உணர்ச்சியெல்லாம் சரியாக இருந்தது. வலது முன்பாதத்தில், கட்டை விரலுக்கு நேர் அடியில், தோல் உரிந்து ரத்தம் கட்டிப் பெரிய கொப்புளம். எடுத்துவிட்ட பாரம் எங்கும் காணாமல் போய்விடுவதில்லை. வேறொரு காலில் போய் இறங்கியிருக்கும். ஒருவர் காலிலிருந்து அதை எடுத்தால், அடுத்தவர் காலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முனிரத்தினம் கட்டுக் காலை நீட்டியபடி அந்தக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார், இதெல்லாம் வலிக்குமா மேடம் என்று. வலி எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. என்னை ஏன் கேட்கிறீர்கள், அவரையே கேளுங்கள் என்றேன். பல வருஷத்துக்குப் பிறகு அவர் சீனுவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“வலிக்குதா பாவா?”

“ஆங்” என்றார் சீனு. “உன்னுதும் சேர்த்து வலிக்குது.”